ரெண்டு ஸ்வரத்துக்கு ஒரு வயலின்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு அறுந்துவிட்டது. இங்கிலீஷில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இன்றைக்கும் அதை எந்தப் பக்கம் பிடித்துப் படிப்பது என்று யோசிப்பேன். ஆனால் அஞ்சு கோடு இழுத்து, அதில் கறுப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தால் தடங்கல் இல்லாமல் படித்துவிடுவேன். செங்கல்பட்டில் கல்யாணம், சாவு, சர்ச் திருவிழா எல்லாவற்றுக்கும் ஒரே முகத்தோடு போய் வாசிக்கிற பேண்டு செட் ஒன்றில் பத்து வருஷம் கிளாரினெட் ஊதியவன் நான். அங்கே நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் ஜரிகை வைத்த சீருடை. ஜரிகைக்காகத்தான் கற்றுக்கொண்டேன், சங்கீதத்துக்காக இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மொபெட்டிலிருந்து விழுந்து முன்பல் ரெண்டு போனது. முன்பல் இல்லாதவன் கிளாரினெட் ஊதினால் காற்று வரும், பாட்டு வராது. அதற்கப்புறம் நான் வாசிக்கப் போன முதல் சாவு வீட்டிலேயே சிரித்துவிட்டார்கள். செத்தவருடைய மகன் உட்பட. அன்றைக்கே சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர். பழைய சாமான்களைக் கோத்து என் மச்சான் ஒரு பெட்டி செய்து கொடுத்தான். என் பெண்டாட்டியின் தம்பி அவன். அதில் நொட்டேஷன் எழுதுகிற ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அஞ்சு கோடு அதுவே போடும், நாம் எலியைப் பிடித்துப் புள்ளி வைத்துக்கொண்டே போகவேண்டியதுதான். கடைசியில் ஒரு பொத்தானை அமுக்கினால் வைத்த புள்ளியெல்லாம் வாசிக்கும். மெனுவில் எழுதியிருப்பது எனக்குப் புரியாது. இடத்தை வைத்துத்தான் ஞாபகம்: இடது பக்கத்திலிருந்து மூணாவது, அதில் கீழே நாலாவது. ஒரு தடவை மச்சான் புது வெர்ஷன் போட்டுக் கொடுத்தான். மெனு எல்லாம் வீடு மாறிப் போயிருந்தது. ஒரு வாரம் நான் கண் தெரியாதவன் மாதிரி திரையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய ஒரு மாடி அறையில் இந்தத் தொழில். சர்ச் கொயர்களுக்குப் பாட்டை எழுதி, நாலு குரலுக்கும் தனித்தனியாக கேசட்டில் போட்டுத் தருவேன். கேட்டுக் கேட்டுப் பாடிப் பழகுவார்கள். மெட்ராஸ் பீச் ரயில் கிளம்பும்போது ஜன்னல், மேஜை, எலி, நான் எல்லோரும் சேர்ந்து ஆடுவோம்.

எங்கள் சர்ச் கொயரை நடத்தியவர் ஒரு கணக்கு டீச்சர். அரசுப் பள்ளியில் வேலை. அவர் அப்பா அம்மா பாலூர்ப் பக்கம் இன்னொருத்தர் வயலில் நாற்று நட்டவர்கள். டீச்சர் மிஷன் ஹாஸ்டலில் படித்து, அங்கிருந்த ஒரு ஹார்மோனியத்தில் தானாகவே நாலு குரல் எழுதக் கற்றுக்கொண்டவர். நான் அவர் கொயரில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடினேன். பாடினேன் என்று நான் சொல்கிறேன்; அவர் அதை வேறு மாதிரி சொல்வார்.

ரெண்டாயிரத்து அஞ்சோ ஆறோ, ஒரு மத்தியானம் டீச்சர் என் அறைக்கு வந்து ஒரு கட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்தார். பரீட்சைப் பேப்பரின் எழுதாத பக்கங்களில் கோடு போட்டு எழுதிய பாட்டு. புனித வெள்ளிக்கு. சிலுவைக்குக் கீழே நிற்கிற தாயைப் பற்றி. நாலு குரல், மூணு வயலின், வயலினைவிடப் பெரிதாக அடிக்குரலில் பேசுகிற ஒரு செல்லோ. பதினொரு வருஷமாகக் கோடை லீவில் மட்டும் எழுதியதாகச் சொன்னார்.

வருகிற வருஷம் அவருக்கு ரிட்டையர்மெண்ட். தொண்டை முன்னமே போய்விட்டது, முன்னால் நின்று கை மட்டும் ஆட்டுவார். மெட்ராஸில் ஒரு பெரிய சர்ச்சில் நிஜ வயலின்காரர்களை உட்காரவைத்துப் புனித வெள்ளி ஆராதனை நடத்துகிறார்கள். அந்த கொயர் மாஸ்டருக்கு இந்தப் பாட்டைத் தபாலில் அனுப்பி ரெண்டு வருஷம் ஆகியும் பதில் இல்லை. அவர் காகிதம் பார்ப்பதில்லை, சி.டி. கொடுத்தால் கேட்பார் என்று யாரோ சொன்னார்களாம்.

"ஒரே ஒரு தடவ நெஜ வயலின்ல இத நான் கேக்கணும் தம்பி" என்றார் டீச்சர். "அதுக்கு நீ பொய் வயலின்ல போட்டுக் குடு. ஆனா பொய்னு தெரியக் கூடாது."

பத்தே நாளில் போட்டுக் கொடுத்தேன். எனக்கு அப்போது அந்தப் பெட்டியோடு வந்த வயலின்தான் தெரியும். அது வயலின் என்று அதன் மேல் எழுதியிருந்ததாக மச்சான் சொன்னான், நானும் நம்பினேன். சி.டி. மெட்ராஸுக்குப் போனது. ஒரே வாரத்தில் பதில் வந்தது. கொயர் மாஸ்டர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்: பாட்டு எப்படி என்று சொல்ல முடியவில்லை, கேட்டால் செல்போன் அடிக்கிற மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். டீச்சர் அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார்.  

அன்றிலிருந்து என் உயிரை வாங்கியது வயலின்.

வாங்கியது என்றால் ஏதோ பேச்சுக்கு இல்லை. மனுஷன் வாசிக்கிற வயலினுக்கும் மிஷின் வாசிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அதுவரை கவலை இருந்ததில்லை. உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது, மிஷினில் எல்லாப் புள்ளியும் ஒரே கனம். மூணு வயலினும் ஒரே நொடியில், கொஞ்சம்கூடப் பிசகாமல் தொடங்கும். மூணு மனுஷன் அப்படி எங்கே தொடங்குவான்? எங்கள் பேண்டு செட்டில் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு நேரத்தில்தான் தொடங்குவோம், அதுதான் எங்கள் சிறப்பு. அதனால் ஒவ்வொரு புள்ளியையும் பிடித்து மயிரிழை முன்னே தள்ளினேன், மயிரிழை பின்னே இழுத்தேன். சிலதைத் தணித்தேன். ஒரே ஸ்வரம் நாலு தடவை வந்தால் தையல் மிஷின் மாதிரி தட்டும், அதை ஒவ்வொன்றாகச் சீண்டினேன். மூச்சு விடுகிற இடமென்று வில்லைத் தூக்குகிற இடத்தில் துளி மௌனம் வைத்தேன். பகல் பூராவும் நாலே நாலு தாளக்கட்டு. சாப்பிடும்போது பருப்புக்குள் வயலின் கேட்டது. பெண்டாட்டி பேசினால், அவள் எந்த வார்த்தையைத் தணிக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன். அதை வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன்.

ரெண்டு மாசம் கழித்துக் கேட்டால், முன்னே ஒழுங்காக அடித்த செல்போன் இப்போது குடித்துவிட்டு அடித்தது.

மச்சான் அப்போது சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற கேப் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் வண்டியில் தினம் வருகிற ஒரு பையன் கிட்டார் வாசிப்பானாம். என் கதையை மச்சான் அவனிடம் சொல்லி, அவன் சிரித்து, மறுநாள் ஒரு டிவிடி கொடுத்து அனுப்பினான். எங்கோ வெளிநாட்டில் நிஜ வயலின்காரனை உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, வேகமாக, அழுத்தி, தடவி என்று தனித்தனியாகப் பதிந்து வைத்த கட்டு அது. நம் பாட்டில் எந்தப் புள்ளி வருகிறதோ அந்தப் பதிவை எடுத்து அது வாசிக்கும்.

போட்டுப் பொத்தானை அமுக்கினேன். மச்சான் பக்கத்தில் நின்றான்.

"இன்னா மாமா, உள்ள ஆளு கீறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

நிஜமாகவே அப்படி இருந்தது. வில் கம்பியில் உராய்கிற கரகரப்புகூடக் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு சங்கீதம் பாதி காரணம், முதுகுவலி பாதி.

ஆனால் பாட்டின் நடுவில் ஓர் இடம் இருந்தது. நாலு குரலும் நின்றுபோகும். மூணில் ரெண்டு வயலினும் செல்லோவும் நின்றுபோகும். ஒரே ஒரு வயலின் மட்டும் கீழே இறங்கி, ஒரு நீளமான ஸ்வரம், அதற்கும் கீழே இன்னொரு நீளமான ஸ்வரம். பிறகுதான் எல்லோரும் வருவார்கள். அந்த ரெண்டு ஸ்வரம் வருகிற இடத்தில் புது வயலின் பேசவில்லை. திரையில் கோடு நகர்கிறது, சத்தம் இல்லை. அதைத் தாண்டியதும் எதுவும் நடக்காத மாதிரி மறுபடி வாசிக்கிறது.

மெனுவில் எதையாவது தப்பாக அமுக்கியிருப்பேன் என்று பார்த்தேன். எல்லாவற்றையும் அமுக்கினேன். ஒரு பயனும் இல்லை. கடைசியில் மச்சானிடம், டிவிடியைக் காப்பி அடித்தவன் ரெண்டு ஸ்வரத்தை விட்டுவிட்டான் என்று முடிவாகச் சொன்னேன். திருட்டு சரக்கில் எப்போதும் இப்படித்தான் ஏதாவது குறையும் என்று அவனும் ஒத்துக்கொண்டான். மேலே இருக்கிற ஸ்வரத்தை இழுத்துக் கீழே கொண்டுவந்து பார்த்தேன். எருமைக் கன்று தாயைத் தேடுகிற மாதிரி இருந்தது.

டீச்சர் கேட்டார். முதல் பாதியில் முகம் மலர்ந்திருந்தது, கன்றுக்குட்டி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"மீதி எங்கனா எப்படி வேணா இருக்கட்டும். இந்த ரெண்டும்தான் தம்பி பாட்டு" என்றார்.

டிவிடியில் அந்த ரெண்டு ஸ்வரம் இல்லை என்றேன். டிவிடியில் இல்லாவிட்டால் என்ன, வயலினில் இருக்கிறதே என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். டீச்சர்கள் குவார்ட்டர்ஸில் ஆறு வருஷம் அவருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மாமி இருந்தார், அதே பள்ளியில் பாட்டு டீச்சர். சாயங்காலம் இவர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் மாமி வயலின் சாதகம் செய்வார். முடிக்கும்போது அடிக் கம்பியில் வில்லை வைத்து நீளமாக, நீளமாக இழுப்பாராம். பாட்டை எழுதும்போது டீச்சர் போய், இதற்குக் கீழே எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டு, மாமி வாசிக்க வாசிக்க ஹார்மோனியத்தில் ஒத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கணக்கு டீச்சர் ஊகத்தில் எதையும் எழுதமாட்டார்.

அப்படியென்றால் வழி சுலபம். மாமியிடமிருந்து அந்த ரெண்டு ஸ்வரத்தைப் பதிந்து வந்து டிவிடியின் ஓட்டையை அடைப்பது. மாமி ரிட்டையராகி, கணவருக்குப் பெருமாள் கோயில் கைங்கரியம் என்பதால் திருவிடந்தையில் இருந்தார். மச்சான் காலை ஷிஃப்டை இறக்கிவிட்டு வண்டியோடு வந்தான். கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் வைத்தோம், மானிட்டர் என் மடியில், டீச்சர் முன்சீட்டில். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் ஈ.சி.ஆரில் திரும்பினோம். செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். எந்தக் கம்பெனி என்று கேட்டார். "மியூசிக் கம்பெனி சார், அவரு எம்.டி." என்று மச்சான் என்னைக் காட்டினான். போலீஸ்காரர் என் லுங்கியைப் பார்த்தார், வாயில் பல்லைத் தேடினார், போகச் சொல்லிவிட்டார்.

மாமி ஒல்லியாக, வேகமாகப் பேசுகிறவர். டீச்சரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு பழைய ஹெட்மாஸ்டரைத் திட்டத் தொடங்கினார். அரை மணி நேரம் ரெண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள். பிறகு தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, வயலினைக் கணுக்காலில் சாய்த்தார். எனக்கு வேண்டியதைச் சொன்னேன்: பாட்டு வேண்டாம், ராகம் வேண்டாம், ஒரே ஸ்வரம், ஆடாமல் அசையாமல், மெதுவாக, அப்புறம் அழுத்தி, அப்புறம் தடவி. மாமிக்கு ஸ்வரத்தை ஆட்டாமல் பிடிக்கக் கை வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன அசைவு வந்து ஒட்டிக்கொள்ளும்.

"அசையாம இருந்தா அது பொணம்னா?" என்று என்னைக் கேட்டார்.

"அசைவ நான் பொட்டில போட்டுக்கறேன் மாமி" என்றேன்.

"ஏன், அத வேற நீ பண்ணணுமா?"

கோயிலில் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்கிறவர்கள் மாலையும் கழுத்துமாகச் சுற்றுகிற நாள் அன்று. தெரு முழுக்க வண்டி. நல்ல சுத்தமாக ஒரு ஸ்வரம் விழுந்தால் ஜன்னலுக்கு வெளியே ஒருத்தர், மாலை எங்கே விற்கிறார்கள் என்று கேட்பார். அடுத்ததில் காக்கை. அதற்கடுத்ததில் மச்சானுக்குத் தும்மல். மத்தியானம் மூணு மணி வரைக்கும் ரெண்டே ரெண்டு ஸ்வரத்தை அந்த அம்மாள் இழுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை வில்லைக் கீழே வைத்துவிட்டு, நாற்பது வருஷம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்கூட இப்படி அலுத்ததில்லை என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வீட்டுக்கு வந்து, பதிவில் கூடவே விழுந்திருந்த கடல் இரைச்சலை வெட்டினேன், காக்கையை வெட்டினேன், மாலைக்காரரை வெட்டினேன். மிஞ்சிய ரெண்டு ஸ்வரத்தை ஓட்டையில் ஒட்டினேன். வெளிநாட்டு வயலின் கீழே இறங்கி வர, திருவிடந்தை வயலின் வாங்கிக்கொண்டு போனது. ஒட்டு தெரியாமலிருக்க இன்னும் மூணு வாரம். ஆனால் டீச்சர் கேட்டபோது அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். சி.டி. போனது. கொயர் மாஸ்டர் இந்தத் தடவை ஃபோன் செய்தார். எந்த ஸ்டுடியோவில் எடுத்தது, வயலின் யார் என்று கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், சட்டையில் காலரே இல்லை. புனித வெள்ளிக்கு இந்தப் பாட்டை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

ஒத்திகைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். பீச் ரயிலில் போனோம். பெரிய சர்ச், மரத் தரை, நாற்காலியில் மூணு வயலின், ஒரு செல்லோ. நிஜ ஆட்கள். டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாசிக்கத் தொடங்கினார்கள். நான் மயிரிழை மயிரிழையாக மாசக்கணக்கில் தள்ளியதையெல்லாம் அவர்கள் பேசாமல் செய்துகொண்டு போனார்கள். எனக்கு உடம்பே வலித்தது.

அந்த இடம் வந்தது. குரல்கள் நின்றன. ரெண்டாவது வயலின்காரர் கீழே இறங்கி, இறங்கி, வில்லைத் தூக்கிவிட்டார். காகிதத்தை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். ரெண்டு பேரும் கொயர் மாஸ்டரிடம் காட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எங்களிடம் வந்தார்.

"டீச்சர், வயலின்ல கடைசிக் கம்பி ஜி. நீங்க எஃப்பும் ஈயும் எழுதியிருக்கீங்க. ஜிக்குக் கீழ கம்பி கிடையாது, வெறும் மரம்தான்" என்றார்.

"கீது சார்" என்று நான் எழுந்துவிட்டேன். "சி.டி.ல கீதே. நானே பக்கத்துல உக்காந்து புடிச்சேன்."

யார் வாசித்தது என்று கேட்டார். சொன்னேன். எப்படி உட்கார்ந்து வாசித்தார் என்று கேட்டார். தரையில், காலில் சாய்த்து என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். நம் ஊர்க் கச்சேரி வயலினில் கம்பியை வேண்டிய சுருதிக்குத் தளர்த்திக்கொள்வார்கள், அதனால் அந்த அம்மாவின் அடிக் கம்பி ஈ வரைக்கும் இறங்கியிருக்கிறது, இங்கே வாசிக்கிற வயலின்கள் ஜியில் நிற்கும் என்று பொறுமையாக விளக்கினார். டிவிடிக்காரன் எதையும் விட்டுவிடவில்லை. நிஜ வயலினில் இல்லாததால் அது வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். மிஷின் ஒரே ஒரு இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறது, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து நான் ஒட்டுப்போட்டு அடைத்திருக்கிறேன். உலகத்தில் இல்லாத ஒரு வயலினை இவ்வளவு தத்ரூபமாகச் செய்தவன் என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டான்.

ஒருத்தர் மட்டும் கம்பியைத் தளர்த்திக்கொள்ள முடியுமா என்று டீச்சர் கேட்டார். ஆராதனை மூணு மணி நேரம், நடுவில் அவிழ்த்துக் கட்ட முடியாது, விரல் வைக்கிற இடமெல்லாம் மாறிவிடும் என்றார் கொயர் மாஸ்டர். செல்லோவில் அந்த ஸ்வரங்கள் இருக்கின்றன, செல்லோ வாசிக்கட்டுமே என்றார். வாசித்தும் காட்டினார்கள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. டீச்சர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"நல்லா இருக்குது சார். ஆனா செல்லோவுக்கு அது சாதாரண எடம். வயலினுக்கு அது கடைசி எடம். அதுக்குக் கீழ அவங்களால எறங்க முடியாது. எனக்கு அந்தக் கடைசி எடம்தான் வேணும்."

கொயர் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இன்னும் ஏழு பாட்டு பாக்கி இருந்தது. கடைசியில், அந்த வயலினையே கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள், ரெண்டு ஸ்வரம்தானே, வராவிட்டால் செல்லோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

 ரயிலில் திரும்பும்போது தாம்பரத்தில் டீச்சர், நான் செய்ததில் தப்பில்லை என்றார். அப்படி அவர் சொல்வது அதுதான் முதல் தடவை. தப்பே செய்யாமல் இவ்வளவு பெரிய குழப்பம் பண்ண என்னால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் மறுபடி திருவிடந்தை. இந்தத் தடவை கம்ப்யூட்டரை எடுத்துப் போகவில்லை. மாமி எல்லாவற்றையும் கேட்டார்.

"ரெண்டு ஸ்வரத்துக்கு மெட்ராஸ் வரணுமா நான்?"

"ஆமா மாமி" என்றார் டீச்சர்.

"எந்தக் கிழமை?"

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு வெளக்கேத்தணும்."

ஆராதனை பன்னிரண்டு முதல் மூணு வரைக்கும், அஞ்சு மணிக்குள் வீட்டில் விட்டுவிடலாம் என்று மச்சான் தன் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துச் சொன்னான். மாமி உள்ளே திரும்பிக் கணவரிடம், வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு.

மாமிக்கு அஞ்சு கோடு படிக்கத் தெரியாது, பாட்டும் தெரியாது. டீச்சர் ஓர் ஏற்பாடு செய்தார். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து மாமியின் முழங்காலில் ஒரு விரல் வைத்தால் முதல் ஸ்வரம், ரெண்டு விரல் வைத்தால் அடுத்தது, விரலை எடுத்தால் நிறுத்த வேண்டும். காரில் மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் இருபது தடவை பழகிவிட்டார்கள்.

அன்றைக்குப் பீடத்துக்குப் பக்கத்தில், நாற்காலி வரிசைக்கு முன்னால் ஒரு பாய் போட்டார்கள். வெள்ளைப் புடவையில் டீச்சர், அரக்குப் புடவையில் மாமி. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வயலின்காரர்கள் ஒரு சத்தம் கொடுக்க, மாமி அதில் தன் சுருதியைத் தேடி ஒருவழியாக உட்காரவைத்தார். முழுசாக உட்காரவில்லை என்பது என் காதுக்குத் தெரிந்தது. நாலு மாசம் அந்த ரெண்டு ஸ்வரத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். எனக்கு அங்கே கொடுத்த பதவி வயலின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தூண் ஓரமாக நிற்பது.

ஆறாவதாக டீச்சர் பாட்டு வந்தது. குரல்கள் நின்றன. வயலின் ஒன்று இறங்கி வந்து நின்றது. டீச்சர் ஒரு விரல் வைத்தார்.

மாமி ஆட்டாமல் பிடிக்கவில்லை. ஒரு சின்ன அசைவோடுதான் வந்தார். மேலேயிருந்து வழுக்கிக்கொண்டு அந்த ஸ்வரத்தில் இறங்கினார். நிஜ வயலினுக்கு நான் செய்த வயலின் எவ்வளவோ சுத்தம். கொயர் மாஸ்டரின் ஒரு கண் மட்டும் சுருங்கியது. டீச்சர் ரெண்டாவது விரலை வைத்தார். அடிக் கம்பி, தளர்ந்த கம்பி, கொஞ்சம் கரகரப்போடு முழங்கியது.

எழுதியிருந்தது நாலு எண்ணிக்கை. நான்தானே புள்ளி வைத்தவன், எனக்குத் தெரியும். நாலு முடிந்தது. கொயர் மாஸ்டர் எல்லோரையும் உள்ளே இழுக்கக் கையை உயர்த்தினார். டீச்சரின் விரல் முழங்காலை விட்டு எழவில்லை. மாமி விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வில்லைத் திருப்பிப் போட்டு மறுபடி இழுத்தார். அஞ்சு, ஆறு. கொயர் மாஸ்டரின் கை காற்றிலேயே நின்றது. நாற்காலிக்காரர்கள் வில்லைக் கம்பிக்கு மேலே வைத்தபடி, வாசிக்கலாமா என்று அவரைப் பார்த்தார்கள். நாற்பது பேர் கொயர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஏழு, எட்டு. அதற்கப்புறம் நானும் எண்ணுவதை விட்டுவிட்டேன். டீச்சர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, சுவரில் காது வைக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கணக்கு டீச்சருக்கு எண்ணத் தெரியாமலா போயிருக்கும்?

அப்புறம் விரலை எடுத்தார். கொயர் மாஸ்டரின் கை இறங்கியது, எல்லோரும் வந்தார்கள். அஞ்சு மணிக்குள் திருவிடந்தை போகவேண்டும் என்பதால் ஆராதனை முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டோம். அடையாறைத் தாண்டும்போதே டீச்சர் தூங்கிவிட்டார். மாமி முழங்காலைத் தடவிக்கொண்டே, "அழுத்தமான கை" என்றார்.